சீனியும் முழங்காலும்: காத்திருப்போர் பட்டியலில் இருந்து இறக்கிவிடப்படுகிறவர்கள்

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் காத்திருப்போர் தொகை எவ்வளவு என்று மாதந்தோறும் ஓர் எண் வெளியாகிறது. 2023 செப்ரெம்பரில் அது 77 லட்சத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. 2025 ஜனவரியில் பிரதமர் கியர் ஸ்ராமர் அறிவித்த திட்டம், நூற்றுக்கு 92 பேருக்கு 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்ற பழைய இலக்கை 2029 மார்ச்சுக்குள் திரும்பவும் எட்டுவோம் என்றது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாக எட்டப்படாத இலக்கு அது. இந்தப் பட்டியலில் ஆகப் பெரிய பிரிவு எலும்பும் மூட்டும். அதில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மாடியேறும் எமது அம்மாமாரும் ஐயாமாரும் இந்தப் பிரிவில்தான் நிற்கிறார்கள்.

எண் இறங்கினால் நல்லதுதான். ஆனால் களஞ்சியத்தில் இருப்புக் குறைந்தால், அது விற்றுத் தீர்ந்ததா அல்லது பதிவழிக்கப்பட்டதா என்று கேட்பது கணக்கு எழுதிப் பிழைக்கிற எமது தொழில். மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த ஒருவர் பட்டியலில் இருந்து போனால், அவர் புது மூட்டோடு வீட்டுக்குப் போனாரா, அல்லது "சீனியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டாரா? மாதாந்த எண்ணைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. எம்மவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களின் மருந்துப் பெட்டியைத் திறந்தால் சீனிக் குளிசை, பிறசர் குளிசை, கொலஸ்ரோல் குளிசை மூன்றும் வரிசையாக இருக்கும். ஆகவே இந்தக் கேள்வி எமக்கு வெறும் புள்ளிவிபரக் கேள்வி அல்ல.

வைத்தியர்கள் சும்மா தடை போடுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை மனிதர் கண்டுபிடித்த நல்ல காரியங்களில் ஒன்று. 1962 இல் லங்கஷயரின் ரைற்றிங்ரன் ஆஸ்பத்திரியில் ஜோன் சார்ண்லி செய்து காட்டிய இடுப்பு மூட்டு மாற்று முறையே இன்றைக்கும் அடிப்படை. 2019 இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி முழங்கால் மாற்றுகளில் நூற்றுக்கு 82 அளவிலும் இடுப்பு மாற்றுகளில் 58 அளவிலும் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. ஆனால் உள்ளே வைப்பது உயிரில்லாத உலோகமும் பிளாஸ்ரிக்கும். அதில் கிருமி ஒட்டிக்கொண்டால் இரத்தத்தின் காவற்படைக்கு அங்கே போக வழியில்லை. முதல்முறை மாற்றுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் ஆழமான தொற்று வருகிறது. எண் சிறிது, ஆனால் அந்த ஒருவரின் பாடு பெரிது. வைத்த மூட்டைக் கழற்றி, மாதக்கணக்கில் அன்ரிபயோற்றிக் கொடுத்து, பிறகு இன்னொன்று வைக்கவேண்டி வரலாம். கட்டுப்பாடில்லாத நீரிழிவு, புகைத்தல், மிகையான உடற்பருமன், இரத்தச்சோகை, சிறுநீரக நோய் எல்லாம் இந்த ஆபத்தையோ வேறு சிக்கல்களையோ கூட்டுகின்றன. இதில் மருத்துவ உலகில் சர்ச்சை இல்லை.

சர்ச்சை வேறு இடத்தில் இருக்கிறது. ஆபத்து கூடுகிறது என்பது ஒன்று. பலன் குறைகிறது என்பது வேறொன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். இங்கிலாந்தில் 2009 முதல், மூட்டு மாற்றுகிறவர்களிடம் சத்திரசிகிச்சைக்கு முன்பும் ஆறு மாதத்துக்குப் பிறகும் 12 கேள்விகள் கொண்ட ஒக்ஸ்போர்ட் படிவத்தைக் கொடுத்து நோவையும் நடமாட்டத்தையும் அளக்கிறார்கள். முழுப்புள்ளி 48. சராசரியாக இடுப்பில் 22 புள்ளி அளவிலும் முழங்காலில் 17 புள்ளி அளவிலும் முன்னேற்றம் வருகிறது. லட்சக்கணக்கான இந்தப் படிவங்களை வேறு நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்து ஆராய்ந்தபோது கிடைத்த படம் இதுதான்: நீரிழிவோ இதயநோயோ உள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் கூடுதல் நாள் தங்குகிறார்கள், சிலர் திரும்பவும் அனுமதிக்கப்படுகிறார்கள், ஆனால் நோவு குறைவதிலும் நடை கூடுவதிலும் மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட அண்மையாகவே வருகிறார்கள். தொடங்கும் இடம் தாழ்வாக இருப்பதால் முடியும் இடமும் கொஞ்சம் தாழ்வு, அவ்வளவுதான். சீனி உள்ளவருக்கு மூட்டு மாற்றிப் பிரயோசனம் இல்லை என்று யாராவது சொன்னால், அது ஆதாரத்தில் இருந்து வந்த பேச்சு அல்ல.

முழங்காலில் ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி இல்லாமல்தான் இருக்கிறார்கள், வேறு நோய் ஒன்றும் இல்லாதவர்களும் இதில் அடக்கம். இதையும் முன்னமே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எம்மவரைப் பொறுத்தவரை வாசலில் மறிப்பது பெரும்பாலும் எடை அல்ல, சீனி என்பது எமது கணிப்பு. உள்ளூர்ச் சுகாதார சபைகள் எடைக்கு வைக்கும் தடை பெரும்பாலும் உடல்நிறைச் சுட்டி 35, 40 என்ற இடங்களில் நிற்கிறது. எமது ஆட்களில் அந்த அளவுக்குப் போகிறவர்கள் குறைவு. ஆனால் தெற்காசியரின் உடல், சுட்டி குறைவாக இருக்கும்போதே சீனியைக் கூட்டிவிடும். அதனால்தான் நைஸ் எனப்படும் தேசிய மருத்துவ நெறிமுறை நிறுவனம், எமக்கு 23 இலேயே அதிக எடை, 27.5 இலேயே உடற்பருமன் என்று தனி அளவு வைத்திருக்கிறது. தெற்காசியருக்கு நீரிழிவு வரும் ஆபத்து வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. அதுவும் இளவயதிலேயே வருகிறது. அறுபது வயதில் முழங்கால் தேயும்போது எமது ஆளுக்குச் சீனி வந்து இருபது ஆண்டு ஆகியிருக்கும்.

மூன்று மாதச் சீனி என்று நாம் சொல்கிற எச்.பி.ஏ.1.சி பரிசோதனையில் 69, பழைய கணக்கில் 8.5 வீதம், என்பதைத் திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கான எல்லையாகப் பிரித்தானிய வழிகாட்டல்கள் சொல்கின்றன. சில இடங்களில் இன்னும் இறுக்கம், 64 கேட்பார்கள். இந்த எண்ணில் கவனிக்கவேண்டிய விசயம் ஒன்று உண்டு. இரும்புச்சத்துக் குறைவினால் வரும் இரத்தச்சோகை இந்த எண்ணை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். சிலருக்குப் பிறவியிலேயே உள்ள ஹீமோகுளோபின் வேறுபாடுகள் குறைத்துக் காட்டவும் கூடும். எமது பெண்களிடம் இரத்தச்சோகை சாதாரணம். ஆகவே விரலில் குத்திப் பார்க்கும் சீனி நன்றாக இருந்தும் மூன்று மாத எண் மட்டும் எகிறி நின்றால், இரத்தச்சோகை பார்த்தீர்களா, வேறு பரிசோதனை உண்டா என்று கேட்பதில் தப்பில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் ஹீமோகுளோபின் ஆண், பெண் இருவருக்கும் 130 ஆவது இருக்கவேண்டும் என்பதே இப்போது பல மயக்கமருந்து வைத்தியர்களின் நிலைப்பாடு. இரும்புக் குளிசை வேலை செய்ய வாரக்கணக்கு வேண்டும். கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் நாள் தள்ளிப்போகும்.

எமக்கு ஆகக் கவலை தருவது ஒன்றையொன்று துரத்தும் ஒரு வட்டம். முழங்கால் நோகிறது, நடை நின்றுபோகிறது. நடை நிற்கச் சீனி ஏறுகிறது. சீனி ஏறியதால் சத்திரசிகிச்சை தள்ளிப்போகிறது. தள்ளிப்போன மாதங்களில் நோவுக்கு ஐபுபுறூபன், டைக்குளோபினாக் என்று விழுங்குகிறார்கள். சீனியும் பிறசரும் ஏற்கெனவே சோர்வடையச் செய்த சிறுநீரகத்துக்கு இந்த நோக்குளிசைகள் மேலும் அடி. ஊரில் இருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பிக்கும் பெயர் தெரியாத சூரணங்களில் சிலவேளை ஸ்ரீரொயிட் கலந்திருக்கும். நோவு மாயமாகப் போகும், சீனி மேலே போகும். ஒரு வருடம் கழித்து அடுத்த பரிசோதனைக்குப் போனால், போன வருடம் சீனி மட்டும் இருந்த ஆள் இப்போது சீனியோடும் சிறுநீரகப் பிரச்சினையோடும் நிற்பார். கடன் கட்டவில்லை என்று வட்டியைக் கூட்டி, வட்டி கூடியதால் கட்டமுடியாது என்று தீர்மானிப்பது போன்ற வேலை இது. முழங்காலுக்குள் போடும் ஸ்ரீரொயிட் ஊசியிலும் கவனம் வேண்டும். மூட்டு மாற்றுக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் போட்டால் தொற்று ஆபத்து கூடும் என்பதால் வைத்தியர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். நாள் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து ஊசி போட்டவருக்கு அந்த ஊசியாலேயே நாள் தள்ளிப்போகலாம்.

எமது பக்கத்திலும் பேசவேண்டியவை உண்டு. சொன்னால் ஒப்பரேசன் தரமாட்டார்கள் என்று வருத்தத்தை மறைக்கும் பழக்கம் எம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. விசாக் கந்தோர்களிலும் விசாரணை மேசைகளிலும் கேட்டதற்கு மட்டும், அதுவும் குறைத்துச் சொல்லிப் பழகிய சனம் நாங்கள். ஆனால் மயக்கமருந்து வைத்தியரின் மேசை அந்த மேசை அல்ல. எடை குறைக்க மவுன்ஜாரோ, ஒசெம்பிக் ஊசி போடுகிறவர்கள் எமது வீடுகளிலும் கூடிவிட்டார்கள். பலர் இணையத்தில் வாங்கிப் போடுவதால் குடும்ப வைத்தியரின் பதிவில் அது இராது. இந்த ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு மிஞ்சி, மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகக்கூடும் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜனவரியில் எச்சரித்தது. டப்பாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்ற சீனிக் குளிசைகளைச் சத்திரசிகிச்சைக்கு முன்னமே நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் சீனி சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள்தான் சொல்லவேண்டும். அவர்களுக்கு முழுப்பட்டியல் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

ஆங்கிலப் படிவத்தில் கட்டமே இல்லாத வருத்தங்களும் எம்மிடம் இருக்கின்றன. காலில் செல் துண்டு இருப்பவர்கள், பழைய காயம் சீழ்ப்பிடித்து ஆறியவர்கள், முறிந்த எலும்பு கோணலாகப் பொருந்தியவர்கள் எமக்குள் ஏராளம். எலும்புக்குள் முப்பது ஆண்டுக்கு முன் இருந்த தொற்று புது மூட்டு வைக்கும்போது திரும்பக் கிளம்பலாம். அதை எக்ஸ்றே எடுக்கும் நாளில் அல்ல, முதல் சந்திப்பிலேயே சொல்லவேண்டும். இன்னொன்றைச் சொல்ல எம்மவருக்குக் கூச்சம். மனச்சோர்வும் பதகளிப்பும் உள்ளவர்களுக்கு மூட்டு மாற்றிய பிறகும் நோவு கூடுதலாக மிஞ்சுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. முழங்கால் மாற்று பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, ஆளை விழிப்பாகவோ அரைத் தூக்கத்திலோ வைத்துத்தான் நடக்கும். வாள் அறுக்கும் சத்தமும் சுத்தியல் அடிக்கும் சத்தமும் காதில் விழும். பங்கருக்குள் இருந்து செல்லடியைக் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று இங்குள்ள வைத்தியருக்குத் தானாகத் தெரியாது. கூடுதலாகத் தூங்க மருந்து கேட்கலாம், காதில் பாட்டுக் கேட்கும் கருவி கேட்கலாம். இவற்றையெல்லாம் மகனோ மகளோ மொழிபெயர்க்கும்போது சொல்லமுடியாது. "அம்மாவுக்குக் கொஞ்சம் சீனி" என்று பிள்ளை சுருக்கிவிடும்; அப்பாவின் இரவுகளைப் பற்றிப் பிள்ளைக்கே தெரியாது. தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். சந்திப்புக்கு முன்பே கேட்டு வாங்கவேண்டும்.

இங்கே தள்ளிப்போகிறது என்று சென்னைக்கோ கொழும்புக்கோ போய்ச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தனியாரிடம் இங்கே ஏறத்தாழ 15,000 பவுண் கேட்கும்போது அந்த யோசனை வருவது இயல்பு. அங்குள்ள வைத்தியர்களின் கைத்திறனிலும் எமக்குச் சந்தேகம் இல்லை. சீனிதான் விமானத்தில் கூடவே வருகிறது. இங்கே ஆபத்து என்ற உடம்பு அங்கேயும் அதே உடம்புதான். மூட்டு மாற்றியவர்கள் நீண்ட விமானப் பயணத்தை மூன்று மாதம் வரை தள்ளிப்போடும்படி சொல்வது இரத்தக்கட்டிப் பயத்தால். மூன்று வார லீவில் போய்ச் செய்துகொண்டு ஓடிவருவது அதற்கு நேரெதிர். போவதென்றால், உள்ளே வைத்த மூட்டின் பெயரும் இலக்கமும் அச்சிட்ட ஒட்டுத்தாளைக் கேட்டு வாங்கி வாருங்கள். 2003 முதல் இயங்கும் தேசிய மூட்டுப் பதிவேட்டில் இங்கே நடக்கும் மாற்றுகள்தான் பதியப்படும். நாளைக்குப் பிழைத்தால், எந்த மூட்டு என்று தெரியாமல் இங்குள்ளவர்கள் திணறுவார்கள்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். நைஸ் நிறுவனம் 2022 ஒக்ரோபரில் வெளியிட்ட மூட்டுத் தேய்வு வழிகாட்டல் இந்த விசயத்தில் தெளிவு: வயது, பால், புகைத்தல், எடை, வேறு நோய்கள் ஆகிய காரணங்களைக் காட்டி ஒருவரை மூட்டு மாற்றுக்குச் சிபாரிசு செய்யாமல் விடக்கூடாது. ஆகவே "முதலில் சீனியைக் குறையுங்கள், பிறகு கடிதம் எழுதுகிறேன்" என்று ஒரு குடும்ப வைத்தியர் சொன்னால், அது வழிகாட்டலுக்கு மாறானது. சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்துவிட்டு நாளைத் தள்ளுவது வேறு, நிபுணரிடம் போகவே விடாமல் மறிப்பது வேறு. ஆனால் வழிகாட்டல் சட்டம் அல்ல. உள்ளூர்ச் சபைகள் தங்கள் விதிகளை வைத்துக்கொள்கின்றன. 2016 இல் யோர்க் பகுதிச் சபை, உடல்நிறைச் சுட்டி 30 ஐத் தாண்டியவர்களின் சத்திரசிகிச்சையை ஒரு வருடம் வரையும் புகைக்கிறவர்களுக்கு ஆறு மாதம் வரையும் தள்ளப்போவதாக அறிவித்தது. அப்போது அந்தச் சபை பெரும் பற்றாக்குறையில் இருந்தது. ஐந்தொகையில் சிவப்பு ஏறும்போது ஒழுக்கப் போதனையும் ஏறுவதை நாம் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறோம். இப்படியான எடைவிதிகளை ஆராய்ந்த பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விதி வந்த இடங்களில் முழங்கால் மாற்று எண்ணிக்கை குறைந்ததையும், சொந்தக் காசில் செய்கிறவர்களின் பங்கு கூடியதையும் கண்டார்கள். எடை குறையவில்லை, ஏழைகள்தான் குறைந்தார்கள்.

இரண்டாவது வாசல், அரச செலவில் மூட்டு மாற்றும் தனியார் ஆஸ்பத்திரிகள். இன்று கணிசமான பங்கு அவர்களிடம் போகிறது. பல இடங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை, ஆகவே ஆரோக்கியமானவர்களையே எடுப்பார்கள். மயக்கமருந்து வைத்தியர்கள் நோயாளியைத் தரம் பிரிக்கும்போது கட்டுப்பாட்டில் உள்ள சீனி 2 ஆம் தரம், கட்டுப்பாடில்லாத சீனி 3 ஆம் தரம். 2 இல் உள்ளவருக்கு விரைவான வரிசை திறந்திருக்கும். 3 இல் உள்ளவர் பொது ஆஸ்பத்திரியின் நீண்ட வரிசையில் நிற்பார். அங்கே குளிர்காலத்தில் கட்டில் இல்லை என்று முதலில் இரத்தாவதும் இந்தத் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள்தான். பாதுகாப்புக் காரணம் நியாயமானது. ஆனால் சுலபமானவர்கள் ஒரு பக்கமும் கடினமானவர்கள் மறுபக்கமும் சேரும்போது, ஒரு பக்கத்தின் பெறுபேறு அழகாகவும் மறுபக்கத்தின் பெறுபேறு மோசமாகவும் தெரியும். அந்த எண்களை வைத்து ஆஸ்பத்திரிகளை ஒப்பிடுகிறவர்கள் இதைக் கழித்துப் பார்க்கவேண்டும்.

மூன்றாவதுதான் நாம் தொடக்கத்தில் கேட்ட பதிவழிப்பு. 18 வாரக் கடிகாரம் குடும்ப வைத்தியரின் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஓடத் தொடங்கும். நோயாளியை இப்போதைக்கு அவதானிப்பில் வைப்பதென்றோ, குடும்ப வைத்தியரிடம் திருப்பி அனுப்புவதென்றோ முடிவெடுத்து அறிவித்தால் கடிகாரம் நின்றுவிடும். விதிப்படி அது சரி. தடிமன், காய்ச்சல் போன்ற சில நாள் வருத்தத்துக்கு நிறுத்தமாட்டார்கள். சீனியை இறக்க மாதங்கள் வேண்டும் என்றால் நிறுத்தலாம். அந்த நாளில் இருந்து அவர் 77 லட்சத்திலும் இல்லை, 18 வாரத்திலும் இல்லை. முழங்கால் மட்டும் அதே முழங்கால். மயக்கமருந்து வைத்தியர்களின் அரச கல்லூரி, காத்திருக்கும் காலத்தைத் தயார்ப்படுத்தும் காலமாக மாற்றவேண்டும் என்று நீண்டநாளாகச் சொல்கிறது. 2023 இல் தேசிய சுகாதார சேவையும், பட்டியலில் சேர்ந்த தொடக்கத்திலேயே சீனி, இரத்தச்சோகை, புகைத்தல் போன்றவற்றைப் பார்த்துச் சீர்செய்யவேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்குச் சொன்னது. அப்படி நடந்தால், பட்டியலில் இருந்துகொண்டே சீனியை இறக்கலாம். எச்.பி.ஏ.1.சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு என்பதால், கடிதம் எழுதும் நாளிலேயே தொடங்கினால் நாள் வரும்போது எண் இறங்கியிருக்கும்.

ஆகவே ஆஸ்பத்திரியில் இருந்து வரும் கடிதத்தை "இப்போதைக்கு இல்லையாம்" என்று மடித்து அலுமாரிக்குள் வைக்காதீர்கள். அதில் எங்கேயாவது அவதானிப்பு என்றோ, குடும்ப வைத்தியரின் பராமரிப்புக்கு என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் கடிகாரம் நின்றிருக்கக்கூடும். நின்றதா என்று கேளுங்கள். எந்த எண்ணுக்கு இறக்கவேண்டும், இறக்கினால் புதிய கடிதம் இல்லாமல் நேரே திரும்பி வரலாமா, வந்தால் வரிசையில் எந்த இடம் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் அதைப் புகைப்படம் எடுத்துப் பிள்ளைகளின் தொலைபேசியிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.